கைவேலைக் கொலு: முப்பது நாள் முன்பிருந்து பெட்டி மூடும் வரை

மகாளய அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு பரணிலிருந்து பெட்டியை இறக்கினாலும் கொலு வைத்துவிடலாம். ஆனால் கையால் எதையும் செய்ய முடியாது. கிருஷ்ணரின் உடைந்த விரல் உடைந்தபடியே இருக்கும், படிக்கு முன்னால் அமைக்கும் பார்க்கில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் புல் விரியும், தாம்பூலத்துக்கு அவசரமாக வாங்கிய கவர்தான் கைக்கு வரும். நேரம் போதாதது வேலையால் அல்ல. கொலுவுக்கென்று வீட்டில் செய்கிற எல்லாமே காய வேண்டும், காய்வதை அவசரப்படுத்த முடியாது. கூழ் காய வேண்டும், ஒட்டு காய வேண்டும், பூச்சு காய வேண்டும். புரட்டாசியில் பகல் வெயில் சுள்ளென்று அடித்தாலும், சாயங்காலம் இடியும் மழையுமாகக் காற்றில் ஈரம் ஏறிவிடும்.

அதனால் இங்கே எல்லாக் கணக்கும் அமாவாசையிலிருந்து பின்னோக்கிப் போகிறது. முப்பது நாள் முன்பு பெட்டி இறங்க வேண்டும். இருபத்தைந்தாம் நாள் கூழ் ஊற வேண்டும், பதினைந்தாம் நாளுக்குள் வண்ணம் தொட வேண்டும், ஏழாம் நாள் விதைக்க வேண்டும், இரண்டு நாள் முன்பு படி நிற்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும்

ஈரத்துணி வேண்டாம். தண்ணீர் பட்டதும் போஸ்டர் கலர் கரைந்து கையோடு வரும். உலர்ந்த மிருதுவான பிரஷ் ஒன்று போதும். மேக்கப் பிரஷ், பழைய ஷேவிங் பிரஷ் எதுவானாலும் சரி. முகத்திலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். நகையின் இடுக்கில் இருக்கும் தூசியை ஊதி எடுக்காதீர்கள், வாயின் ஈரம் அங்கேயே தங்கிவிடும்.

தூசி தட்டும்போதே ஒவ்வொரு பொம்மையும் எதனால் ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழுது பார்க்கும் முறை அதைப் பொறுத்தது. அடிப்பாகத்தில் நகத்தால் கீறுங்கள். வெள்ளையாக மாவு உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கையில் எடுத்தால் கனமில்லாமல், தட்டினால் அட்டைபோல் மொத்தென்று ஒலித்தால் காகிதக்கூழ். செங்கல் நிறம் தெரிந்தால் மண். மண்ணிலும் இரண்டு உண்டு: சுட்டது, சுடாதது. அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். சேறாகக் குழைந்தால் சுடாத மண். அந்தப் பொம்மைக்கு அருகே தண்ணீர் கலந்த எந்தப் பசையையும் கொண்டுபோகாதீர்கள்.

பழுது பார்ப்பது

பெரும்பாலும் உடைவது மூன்று இடங்கள்: கழுத்து, நீட்டிய கை, கையில் பிடித்திருக்கும் வேல், புல்லாங்குழல் போன்ற மெல்லிய பொருள்.

கழுத்தோ கையோ இரண்டாக உடைந்திருந்தால் இரண்டு டியூபாக வரும் அரால்டைட் வகைப் பசை சரியாக இருக்கும். இரண்டையும் சம அளவு பிதுக்கி ஒரு நிமிடம் நன்றாகக் குழைத்து, ஒரே ஒரு முகத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். இரண்டு பக்கமும் தடவினால் பிதுங்கி வெளியே வழியும். இதைவிடச் சிக்கலானது ஒட்டிய கையை அசையாமல் நிறுத்துவது. கையால் பிடித்துக்கொண்டே உட்கார முடியாது, ரப்பர் பேண்டு போட்டால் ஒருபுறம் இழுக்கும். ஒரு அகலப் பாத்திரத்தில் அரிசியைக் கொட்டிப் பொம்மையை அதில் புதையுங்கள். ஒட்டிய இடம் மேலே பார்த்திருக்க வேண்டும். உடைந்த கையின் கனமே அதைக் கீழே அழுத்திப் பிடிக்கும் கோணம் கிடைக்கும்வரை பொம்மையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். ஒட்டியபின் நேராக நிற்க வைத்தால் கை மெல்ல வழுக்கி ஒரு நூலளவு கீழே இறங்கிவிடும். காய்ந்த பிறகுதான் அது கண்ணில் படும், அதற்குள் காலம் கடந்திருக்கும். இருபத்துநான்கு மணி நேரம் அரிசியை விட்டு எடுக்க வேண்டாம்.

விரல், காது, கிரீடத்தின் நுனி என்று துண்டே காணாமல் போயிருந்தால் எம்-சீல். இரண்டு நிறக் கட்டியையும் சமமாகக் கிள்ளி, கோடு கோடாகத் தெரியாமல் ஒரே நிறம் ஆகும்வரை பிசையுங்கள். இரு நிறமும் கலந்தும் கலக்காமலும் இருந்தால் அந்த இடம் என்றைக்கும் இறுகாது, அழுத்தினால் நசுங்கும். பிசைந்தபின் அரை மணி நேரத்துக்குள் உருவம் கொடுத்துவிட வேண்டும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகவே கலந்துகொள்ளுங்கள். விரலில் ஒட்டாமலிருக்க லேசாகத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். நீட்டிய விரலுக்கு உள்ளே ஒரு குண்டூசியைத் தலை நறுக்கிச் செருகிவிட்டால் மறுபடி உடையாது.

மயிரிழை விரிசலுக்கு வேறு மருந்து. சாக்பீஸை நுணுக்கி மாவாக்கி, ஃபெவிகாலோடு தோசை மாவுப் பதத்தில் கலந்து விரிசலில் தேய்த்து நிரப்புங்கள். காயும்போது சுருங்கி உள்வாங்கும். மறுநாள் இரண்டாவது தடவை நிரப்பினால்தான் சமமாகும். பிறகு 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். ஃபெவிகாலில் தண்ணீர் இருப்பதால் சுடாத மண்ணுக்கு மட்டும் இது ஆகாது. அதற்கு எம்-சீலையே மெல்லிய நூலாகத் திரித்து அழுத்துங்கள்.

வண்ணம்

முழுப் பொம்மைக்கும் புதிதாகப் பூசும் ஆசை வரும். வேண்டாம். பழைய கலைஞரின் கைக்கு நிகராக வீட்டில் வருவது கடினம், அந்த முகம் ஒருமுறை போனால் போனதுதான். விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் தலைமுறையாகப் பொம்மை செய்கிறவர்கள் கண் எழுதும் அழகே தனி. உதிர்ந்த இடத்தை மட்டும் தொட்டு நிரப்புங்கள். முழுவதும் உதிர்ந்துபோன பொம்மைக்கு மட்டும் முழுப் பூச்சு.

முதலில் அடிப்பூச்சு வேண்டும். சாக் பவுடர் மூன்று பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, பால் பதத்துக்கு வரும் அளவு தண்ணீர். மெல்லிசாக இரண்டு தடவை, நடுவே ஆறு மணி நேரம் இடைவெளி. அடிப்பூச்சு இல்லாவிட்டால் மண்ணும் கூழும் வண்ணத்தை உறிஞ்சி, எத்தனை தடவை பூசினாலும் மங்கலாகவே நிற்கும்.

வண்ணத்துக்கு அக்ரிலிக் வாங்குங்கள். போஸ்டர் கலர் விலை குறைவு, பூசவும் எளிது. ஆனால் அதன்மேல் பிரஷ்ஷால் வார்னிஷ் இழுத்தால் சிவப்புப் புடவை முகத்தில் வழியக்கூடும். அக்ரிலிக் காய்ந்தபின் தண்ணீருக்குக் கரையாது. ஏற்கெனவே போஸ்டர் கலர் பூசியாகிவிட்டதென்றால் ஸ்ப்ரேயாக வரும் பளபளப்பில்லாத வார்னிஷை ஓரடி தள்ளி நின்று லேசாகத் தெளியுங்கள், மொட்டை மாடியில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

பூசும் வரிசை இப்படி: முதலில் உடல் நிறம், பிறகு உடை, பிறகு கரை, பிறகு நகையின் பொன் நிறம், கடைசியில் கண். கண்ணுக்கு 000 எண் பிரஷ். ஒரு கண்ணை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் பார்வை ஒன்றாக இருக்காது. இரண்டு கண்ணிலும் வெள்ளை, இரண்டு கண்ணிலும் விழி, இரண்டு கண்ணிலும் மேல் இமைக்கோடு என்று மாறி மாறி வாருங்கள். மேல் இமைக்கோடுதான் முகத்துக்கு உயிர். கீழ்க்கோட்டை மிக மெல்லிசாக விடுங்கள், தடித்தால் பொம்மை கோபமாகப் பார்க்கும்.

காகிதக்கூழ்: செட்டியார் கடைக்குச் சரக்கு

கடை வைத்து உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையும் மனைவி பொம்மையும் பெட்டியிலிருந்து வருவார்கள். அவர்கள் முன்னால் வைக்கும் பூசணியும் கத்தரிக்காயும் வாழைத்தாரும் வீட்டில் செய்யத் தோதானவை. குழந்தைகள் கைவைக்கவும் இதுவே சரியான இடம், ஏனென்றால் காய்கறி கோணலாக இருந்தாலும் காய்கறிதான்.

செய்தித்தாள் 250 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பளபளப்பான இணைப்பிதழ்த் தாள் ஊறாது, அதை ஒதுக்குங்கள். கத்தரியால் வெட்டாமல் கையால் ஓரங்குலத் துண்டாகக் கிழியுங்கள். கிழிந்த ஓரத்தில் நார் வெளியே நிற்கும், அதுதான் தண்ணீர் குடிக்கும். ஒரு நாள் முழுவதும் ஊறவிட்டு, தண்ணீர் மாற்றி, இருபது நிமிடம் கொதிக்க வையுங்கள். ஆறியதும் பழைய மிக்ஸியில் கைப்பிடி கைப்பிடியாக, தண்ணீர் தாராளமாக விட்டு அரையுங்கள். தண்ணீர் குறைந்தால் நார் பிளேடில் சுற்றி மோட்டார் சூடேறும். துணியில் கட்டிப் பிழிந்தபின், 150 கிராம் ஃபெவிகால், 200 கிராம் சாக் பவுடர் சேர்த்துப் பிசையுங்கள். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக, உருட்டினால் விரிசல் விடாமல் இருக்க வேண்டும். விரிசல் விட்டால் ஃபெவிகால் குறைவு. கையில் ஒட்டிக்கொண்டே வந்தால் பிழிந்தது போதவில்லை. மிச்சக் கூழைக் கவரில் கட்டி ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம்.

பழைய முறையில் ஃபெவிகாலுக்குப் பதில் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். மயில்துத்தம் விஷம். குழந்தைகள் கை வைக்கிற கூழில் அது வேண்டவே வேண்டாம்.

பூசணி செய்யும் விதத்தை விவரமாகச் சொன்னால் மற்றவை தானே வந்துவிடும். கசக்கிய தாளை எலுமிச்சம்பழ அளவு உருட்டி நூலால் இறுகச் சுற்றுங்கள். இதுதான் உள்கூடு. அதன்மேல் அரை செ.மீ. கனத்துக்கு மட்டும் கூழை அப்புங்கள். முழுப் பூசணியையும் கூழாலேயே உருட்டுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வெளியே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், நாலாம் நாள் பூஞ்சை வாடை வரும், ஒரு வாரத்தில் நடுவே பிளக்கும். அப்பிய கூழை ஒரு நாள் நிழலில் விடுங்கள். தொட்டால் ஒட்டாமல், அழுத்தினால் பதியும் பக்குவம் வந்ததும் தடித்த நூலை மேலிருந்து கீழாக, பூக்கட்டுவதுபோல் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். மூன்று சுற்றும் உச்சியில் ஒன்றையொன்று வெட்டும். நூல் பதிந்த இடமெல்லாம் பள்ளமாகி, ஆறு கட்டுகளோடு பூசணி தானாக எழும்பி நிற்கும். காம்புக்கு உச்சியில் ஒரு கிராம்பைக் குத்துங்கள். இரண்டு நாள் கழித்து நூலை அறுத்தெடுத்து, இன்னும் இரண்டு நாள் காயவிட்டு, பிறகு அடிப்பூச்சு.

நேர் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். மேல்தோல் மட்டும் முந்திக்கொண்டு சுருங்கி வெடிக்கும். ஃபேன் காற்று, கம்பி வலைத் தட்டு, நாலு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் போடுவது, இவை போதும்.

கொட்டாங்குச்சியில் தள்ளாடும் பொம்மை

தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மையைத் தள்ளினால் சாயும், விட்டால் எழும். அடி உருண்டை, கனம் முழுவதும் அடியில், இதுதான் அதன் இயக்கம். வீட்டில் அந்த உருண்டை அடிக்குத் தேங்காய் ஓட்டின் கண் இல்லாத பாதி கச்சிதமாகப் பொருந்தும்.

ஓட்டை உப்புத்தாளால் நார் போகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அடியின் நடுவே சில தேங்காய்க்கு முனைபோல் எழும்பியிருக்கும். அதைத் தேய்த்து மழுங்கச் செய்யாவிட்டால் பொம்மை ஒருபக்கம் சாய்ந்தே நிற்கும். ஓட்டை ஒரு வளையலின்மேல் மட்டமாக உட்கார வைத்து, சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மணல் இரண்டு பங்கு குழைத்து ஓட்டின் பாதி ஆழம்வரை மட்டும் ஊற்றுங்கள். விளிம்புவரை ஊற்றினால் கனம் மேலேறி, எழுந்திருக்கும் வேகம் குறைந்துவிடும். சிமெண்ட் இறுகுமுன் வளையலை எடுத்துவிட்டு ஓட்டைத் தரையில் விட்டுப் பாருங்கள். சாய்ந்தால், எதிர்ப்பக்கம் ஒரு சிட்டிகை சேர்த்தால் நிமிரும். இரண்டு நாள் இறுகட்டும்.

மேலுடம்பு எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. ஓட்டின் வாயளவுக்குச் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, ஃபெவிகாலில் நனைத்த தாள் பட்டைகளை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். தலைக்குத் தாளைக் கசக்கிய உருண்டை, மேலே மெல்லிசாகக் கூழ். தலையை முழுக்கக் கூழால் செய்தால் பொம்மை சாய்ந்தபடியே படுத்துக்கொள்ளும். கூம்பின் உயரம் ஓட்டின் அகலத்தை விட அதிகம் போக வேண்டாம். கூம்பை ஓட்டில் ஒட்டுவதற்கு முன் சும்மா வைத்து ஒருமுறை தள்ளிப் பார்ப்பது நல்லது. ஒட்டியபின் திருத்த வழியில்லை.

மரப்பாச்சிக்குப் புடவை

மரப்பாச்சி இணையாகத்தான் வைக்கப்படும். செம்மரமானாலும் சாயம் ஏற்றிய மரமானாலும் ஈரம் பட்டால் நிறம் இறங்கும். எனவே தண்ணீரில் கழுவாமல், இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். ஒரு நாள் கழித்து உடுத்துங்கள், இல்லையென்றால் பட்டில் எண்ணெய் ஏறும்.

ஒன்பது அங்குலப் பொம்மைக்குப் பட்டுத்துண்டு 26 அங்குல நீளம், அகலம் இடுப்பிலிருந்து பாதம்வரை உள்ள அளவோடு அரை அங்குலம். கரை கீழே வரட்டும். அரை அங்குலக் கொசுவம் ஏழு எடுத்தால் துணியில் ஏழு அங்குலம் செலவாகும். இடுப்பைச் சுற்ற ஏறக்குறைய ஏழு, மிச்சம் முந்தானைக்கு. கொசுவத்தைப் பொம்மையின்மேல் வைத்து மடிக்கப் பார்க்காதீர்கள், மடிப்பு நழுவிக்கொண்டே இருக்கும். மேசைமேல் மடித்து, மேலே ஒரு தாளைப் போட்டு இஸ்திரி செய்து, மேல் ஓரத்தில் ஒரு தையல் ஓட்டிவிட்டுப் பிறகு இடுப்பில் சுற்றுங்கள். கட்டுவதற்கு நூல்தான், ஃபெவிகால் கூடாது. அடுத்த வருடம் வேறு புடவை கட்ட வேண்டுமே.

தாம்பூலப் பை

80 செ.மீ. ரவிக்கைத் துணி, அகலம் ஒரு மீட்டர் இருந்தால் தேங்காய் கொள்ளும் பை மூன்று வரும், கைப்பிடியோடு. ஒரு மீட்டர் பக்கத்தில் 30 செ.மீ. வீதம் மூன்று, 80 செ.மீ. பக்கத்தில் 60 செ.மீ. நீளம். மிஞ்சும் 20 செ.மீ. பட்டையை 6 செ.மீ. அகலத்தில் மூன்றாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 35 செ.மீ. துண்டு இரண்டு எடுத்தால் ஆறு கைப்பிடி ஆயிற்று.

60 செ.மீ. துண்டின் இரண்டு முனையிலும் 3 செ.மீ. மடித்து, கைப்பிடியைச் செருகித் தையுங்கள். கைப்பிடி உட்காரும் இடத்தில் சதுரமாக ஒரு தையல், குறுக்கே பெருக்கல் குறியாக ஒரு தையல். தேங்காயின் கனத்துக்கு முதலில் பிய்வது அங்கேதான். பிறகு உள்பக்கம் வெளியே வரும்படி இரண்டாக மடித்து, இரு ஓரமும் 1 செ.மீ. விட்டுத் தைத்து, அடியின் இரண்டு மூலையையும் முக்கோணமாகப் பிடித்து 8 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கே தைத்துவிடுங்கள். திருப்பினால் பை உட்காரும். மூலை தைக்காத பையில் தேங்காய் வெற்றிலையின்மேல் ஏறி நசுக்கிவிடும்.

படி: வேட்டிதான் அளவுகோல்

படியை முதலில் கட்டிவிட்டுத் துணி தேடுவது தலைகீழ் வேலை. விரிக்கப் போகும் வேட்டியை அளந்து படியைத் தீர்மானியுங்கள். வேட்டியின் அகலம் ஏறக்குறைய 50 அங்குலம், ஆகையால் படியின் நீளம் நான்கடி. ஒரு படிக்கு உயரம் 8, ஆழம் 10, ஆக 18 அங்குலத் துணி. மேலே ஆறும் கீழே ஆறும் செருக விட்டால், மூன்று படிக்கு 66 அங்குலம், நாலு முழ வேட்டி போதும். ஐந்து படிக்கு 102, எட்டு முழ வேட்டியில் தாராளம். ஏழு படிக்கு 138. எட்டு முழ வேட்டி ஏறக்குறைய 142 அங்குலம் என்பதால் இழுத்துப் பிடித்தாற்போல்தான் வரும், ஆழத்தை ஒன்பதாகக் குறையுங்கள். புது வேட்டியானால் ஒருமுறை அலசிக் காயவைத்து அளக்க வேண்டும், முதல் தண்ணீருக்கு அது சுருங்கும்.

ஓட்டைகள் உள்ள இரும்பு ஆங்கிளில் பலகை பொருத்தியும் கட்டலாம், மேசை, டிரங்குப் பெட்டி, ஸ்டூல், முக்காலி அடுக்கியும் கட்டலாம். அடுக்கிக் கட்டினால் மேலே ஒட்டுப்பலகை வேண்டும். நான்கடி நீளத்துக்கு 12 மி.மீ. பலகை மண்பொம்மையின் கனத்தில் நடுவே தொய்யும், 18 மி.மீ. போடுங்கள் அல்லது நடுவில் ஒரு தாங்கல் கொடுங்கள். கட்டியதும் ஒவ்வொரு படியின் ஓரத்தையும் உள்ளங்கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். ஆடினால் அட்டை மடித்துச் செருகாதீர்கள், பத்து நாளில் அது நசுங்கிவிடும். பலகைச் சிம்பு செருகுங்கள்.

ஐந்து படி என்றால் பின்னோக்கி 50 அங்குலம் போகும். மேல்படிக்கு முன்னாலிருந்து கை எட்டாது. அதனால் ஒரு பக்கச் சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கட்டுங்கள், பொம்மையை மேலிருந்து கீழாக அடுக்குங்கள். படியின் உயரம் எட்டு அங்குலம்தான் என்பதால், ஒரு படியில் ஓரடிப் பொம்மையை வைத்தால் அதன் பின்படியில் இருப்பவரின் இடுப்புவரை மறையும். தசாவதாரம்போல வரிசையாக வரும் செட்டை நடுப்படிகளில், ஒரே உயரத்தில் வைத்தால் நன்றாக எடுக்கும். உச்சியில் கலசமும் தெய்வங்களும், அதற்குக் கீழே மகான்கள், பிறகு கல்யாண செட், செட்டியார் கடை என்று மனித வாழ்க்கை, அதன்கீழ் விலங்கு, பறவை, பூச்சி, செடி என்ற ஓரறிவு வரையிலான இறக்கம் பலர் வீட்டு வழக்கம். உங்கள் வீட்டில் வேறு வழக்கம் இருந்தால் அதுவே சரி.

குத்துவிளக்கு தரையில், தொங்கும் துணியிலிருந்து மூன்றடி தள்ளி. சீரியல் பல்பின் வயரும் நீட்டிப்புப் பெட்டியும் வேட்டிக்கு அடியில் போகக் கூடாது.

பார்க்: காய்ச்சலும் பாய்ச்சலும்

மண் நிரப்பிய தட்டு கனக்கும், தரையில் கசியும். தென்னை நார்க்கழிவு ஓரங்குலம் பரப்பினால் போதும், அடியில் பழைய டீ தட்டு அல்லது தார்ப்பாய் விரிப்பு. கேழ்வரகு வயல்போல மெல்லிசாக முளைக்கும், வெந்தயம் புதர்போல் நிற்கும், கோதுமை உயரமாக வளர்ந்து தோப்பாகிவிடும். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நெருக்கமாகத் தூவி, ஈரக் கோணியால் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை தெரிந்ததும் கோணியை எடுத்துவிட வேண்டும். மறந்தால் வெளுத்து நீண்டு சாயும்.

அமாவாசைக்கு ஏழு நாள் முன்பு விதைத்தால் முதல் நாள் கொலுவுக்கு இரண்டு மூன்று அங்குலப் பசுமை கிடைக்கும். ஆனால் அதே தட்டு சரஸ்வதி பூஜைவரை தாங்காது. கொலு அறையில் வெளிச்சம் குறைவு, ஆறேழு நாளில் மஞ்சளாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தட்டாக விதையுங்கள், இரண்டாவதை நாலு நாள் தள்ளி. ஒன்று கொலுவில் இருக்கும்போது மற்றது பால்கனியில் வெயில் காயட்டும், காலையில் மாற்றுங்கள். தண்ணீர் தெளிப்பானால் காலை மாலை, மேல் பொருக்கு ஈரமாகும் அளவுக்கு மட்டும். சொம்பால் ஊற்றினால் விதை அழுகி மூன்றாம் நாள் வீடெல்லாம் வாடை வரும். விவசாயிகள் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் இந்தத் தட்டளவு வயலுக்கும் பொருந்தும்: ஒரு வேளை மேலே காயவிட்டு அடுத்த வேளை தெளித்தால் பூஞ்சை அண்டாது.

மலைக்குக் கோணிச் சாக்கு. மைதாப் பசையில் சாக் பவுடர் கலந்து சாக்கை முக்கிப் பிழிந்து, கவிழ்த்த வாளிமேலும் டப்பாமேலும் மடிப்பு மடிப்பாகப் போர்த்தி மூன்று நாள் விடுங்கள். வாளியை எடுத்தாலும் மலை நிற்கும். குளத்துக்குக் கண்ணாடி. அதன் விளிம்பை மணலால் மூடும்போது கரை வளைந்து நெளிந்து போகட்டும், நேர்க்கோடு தெரிந்தால் குளம் மறுபடி கண்ணாடியாகிவிடும்.

சுண்டல் கணக்கு

பதினைந்து பேருக்குக் கொண்டைக்கடலை அரை கிலோ. எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு ஐந்தாறு விசில். வடித்தபின் பத்து நிமிடம் சல்லடையிலேயே விடுங்கள். ஈரத்தோடு தாளித்தால் ராத்திரிக்குள் நூல் விடும். தேங்காய்த் துருவல் அடுப்பை அணைத்தபின்.

பத்தாம் நாளுக்குப் பிறகு

விஜயதசமி இரவு ஆரத்தி எடுத்தபின் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது வழக்கம். மறுநாள் எடுத்து அடுக்கலாம். அதற்கடுத்து வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும் என்பதால் அடுக்கும் முறைதான் அடுத்த வருடப் பழுதைத் தீர்மானிக்கிறது. பெட்டிக்குப் போகும் முன் எல்லாப் பொம்மையையும் ஒரு பகல் ஃபேன் காற்றில் விடுங்கள். பிளாஸ்டிக் கவரில் சுற்றினால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் மை வண்ணத்தில் ஒட்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டில் சுற்றி, அதன்மேல் செய்தித்தாள். நீட்டிய கைக்கும் உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் துணியை அடைத்து நிரப்புங்கள், கை உடைவது அந்த வெற்றிடத்தால்தான். அந்துருண்டையைப் பொம்மையோடு ஒட்டிப் போட்டால் பூச்சு இளகும். வசம்பைத் துணியில் முடிந்து மூலைக்கு ஒன்றாகப் போடுங்கள்.

கனமானவை அடியில், கூழ்ப் பொம்மைகள் மேலே. பெட்டி தரையில் நேரடியாக உட்காராமல் இரண்டு கட்டைமேல் இருக்கட்டும். மூடும் முன் கொலுவைப் படியோடு எடுத்த ஒரு படத்தை மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு தாளில் இந்த வருடம் எது எங்கே விரிசல் விட்டது, எந்தத் துண்டு எந்த டப்பாவில் இருக்கிறது, வேட்டி எத்தனை அங்குலம் மிஞ்சியது என்று எழுதி வையுங்கள்.